மாசினை உண்ணும் பாக்டீரியாக்கள்: நெய்வேலிப் பகுதி நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் பினாயில் நெடி ஓய்வதில்லை. கழிப்பறையும் தரையும் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் பராமரிப்பவர் அதனைத் தாராளமாக ஊற்றுகிறார். ஊற்றிய நீர் குழாய் வழியே இறங்கிக் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அது சென்றடையும் தொட்டியிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ, வீட்டுக் கழிவை இரவும் பகலும் சிதைத்துக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளன. நாம் அனுப்பும் பொருள்களில் சிலவற்றை அவை உண்ணும்; சிலவற்றால் அவை மடியும்; சிலவற்றை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது.

இந்த மூன்றையும் வேறுபடுத்தி அறிவது கழிவுநீர்ப் பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நோயுற்றவர் அருந்தும் நீர், வீட்டில் மிஞ்சும் மருந்து, உடையும் வெப்பமானி, தோட்டத்து ஈர மண் ஆகிய ஒவ்வொன்றிலும் இந்த வேறுபாடு பயன்படுகிறது. பழுப்பு நிலக்கரியை அகழ்ந்து எரித்து வாழும் நெய்வேலி நகரியத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இதன் தேவை சற்று மிகுதி.

பீனால்: கிருமிநாசினியும் அதுவே, உணவும் அதுவே

1865-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின் மீது வைத்துக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. பாதுகாப்பான அறுவை மருத்துவத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. கார்பாலிக் அமிலத்தின் வேதிப் பெயர் பீனால். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பீனால் வகைப் பொருள்களே கறுப்புப் பினாயிலுக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றலைத் தருகின்றன.

நெய்வேலிக்கும் பீனாலுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1960-களில் நிலக்கரித் தூளைக் கட்டிகளாக அழுத்தி, காற்றுப் புகாத உலையில் சூடேற்றி, ‘லெக்கோ’ என்ற பெயரில் புகை குறைந்த எரிகரியைத் தயாரிக்கத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியைக் காற்றின்றிச் சூடேற்றும்போது தாரும் பீனால்களும் ஆவியாக வெளியேறுகின்றன. ஆவி குளிர்ந்து நீராகும்போது பீனால் அந்த நீரில் கரைந்துவிடுகிறது. கார்பாலிக் அமிலம், கிரெசால் முதலியவை அந்த ஆலையின் துணைப் பொருள்களாகப் பிரித்து விற்கப்பட்டன. ஆலை பிற்காலத்தில் மூடப்பட்டது. ஆயினும் நிலக்கரியைக் கரியாக்கும் எந்த ஆலையிலும், இரும்பாலைகளின் கல்கரி உலைகளிலும் இதே வகைக் கழிவுநீர் இன்றும் உண்டாகிறது. அதனைத் தூய்மையாக்கும் முதன்மை வழி பாக்டீரியாக்களே.

கிருமியைக் கொல்லும் பொருளைக் கிருமி எவ்வாறு உண்ண முடியும் என்ற ஐயம் எழலாம். விடை அளவில் உள்ளது. செறிந்த பீனால் எந்த பாக்டீரியாவையும் கொல்லும். நீரில் மிகவும் கரைந்து மெலிந்த பீனாலோ, அதற்குப் படிப்படியாகப் பழக்கப்பட்ட சில இனங்களுக்கு உணவாகிறது. மண்ணில் இயல்பாக வாழும் சூடோமோனாஸ் புட்டிடா இவற்றுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று.

பீனால் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் ஒரு வளையமாகக் கோத்துள்ளன. பாக்டீரியாவின் நொதி ஒன்று காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து அந்த வளையத்தில் இணைத்து, அதனைக் கேட்டகால் என்ற பொருளாக மாற்றுகிறது. அடுத்த நொதி வளையத்தை அறுத்துத் திறக்கிறது. திறந்த துண்டுகள், நம் உடலின் உயிரணுக்கள் உணவை ஆற்றலாக்கும் அதே சுழற்சியில் நுழைந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் முடிகின்றன. ஒரு பகுதி புதிய பாக்டீரியாக்களின் உடலாகிறது. இவ்வாறு முழுமையாகச் சிதைந்த பீனால் மீண்டும் பீனாலாகத் திரும்பி வருவதில்லை.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆக்சிஜன் இடையறாது கிடைக்க வேண்டும். பீனாலின் அளவு திடீரென உயரக் கூடாது. உயர்ந்தால் உண்ணும் பாக்டீரியாவே முதலில் மடியும். அவ்வாறு மடிந்த ஒரு தொட்டி மீண்டும் பழைய நிலையை அடையப் பல நாள்கள், சில வேளை வாரங்கள் ஆகும்.

சாக்கடையில் நிகழும் வேலை

வீட்டுக் கழிவுநீரிலும் அடிப்படை இதுவே. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அடியில் தங்கும் கசட்டை எறியாமல் அடுத்த கழிவுநீருடன் சேர்த்துச் சேர்த்துச் சோதித்தனர். பல வாரங்கள் பிடித்த தூய்மையாக்கல் சில மணி நேரமாகக் குறைந்தது. கசடு என்று கருதப்பட்டது உண்மையில் வேலை செய்யும் பாக்டீரியாக்களின் திரள். இந்த ‘கிளர்வூட்டப்பட்ட கசடு’ முறை இன்றும் உலகெங்கும் நகரங்களில் பயன்படுகிறது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். எனவே இத்துறை நம் நாட்டிற்கு வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது.

பாக்டீரியாக்கள் எவ்வளவு வேலை செய்தன என்பதை ‘உயிர்வேதி ஆக்சிஜன் தேவை’ என்ற அளவால் அறிகிறார்கள். சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரில் இது பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆறு, ஏரிகளில் விடும் நீருக்கு இந்தியாவின் பொது வரம்பு 30 மில்லிகிராம். குளிர் நாடுகளில் 20 பாகை செல்சியசில் ஐந்து நாள் வைத்துச் செய்யும் இச்சோதனையை, நம் நாட்டில் 27 பாகையில் மூன்று நாளில் முடித்துவிடுகிறார்கள். வெப்பத்தில் பாக்டீரியா விரைந்து உழைக்கும் என்பதே காரணம். இவ்வகையில் கடலூர் மாவட்டத்து வெயில் நமக்கு உதவியே செய்கிறது.

வரம்பிற்குள் உள்ள நீர் பாசனத்திற்கும் மரங்களுக்கும் உகந்ததாகலாம். அது குடிநீர் அன்று. நோய்க்கிருமிகள் அதில் எஞ்சியிருக்கும்.

பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் இதே வேலை கழிவுநீர்த் தொட்டியில், காற்றின்றி, மெதுவாக நடைபெறுகிறது. காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடின் அடையாளம். அதன் செறிவு மிகும்போது மூக்கு நுகரும் திறனை இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று கருதி உள்ளே இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள், அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள். எந்தக் காரணத்திற்காகவும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. இயந்திர ஊர்தி மூலம் கழிவை அகற்ற 14420 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

பாதரசம்: உண்ண முடியாதது

இந்தியக் குடிநீர்த் தரநிலையில் பீனால் வகைப் பொருள்களுக்கும் பாதரசத்திற்கும் ஒரே எண் உள்ளது: லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். எண் ஒன்றாயினும் பொருள் வேறு. பீனாலின் வரம்பு இவ்வளவு குறைவாக இருப்பதற்குச் சுவையும் நெடியும் பெரிய காரணம். சிறிதளவு பீனாலும் குடிநீரில் இடும் குளோரினுடன் சேர்ந்தால் நீர் மருந்து வாடை வீசும். பாதரசத்திற்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. அது நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும், கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் தாக்கும்.

பீனால் ஒரு மூலக்கூறு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. ஆதலால் பிரிக்க முடியும். பாதரசம் ஒரு தனிமம். அதற்கு மேல் பிரிப்பதற்கு அதில் ஏதுமில்லை. ஆர்செனிக், ஈயம், காட்மியம் ஆகியவையும் அவ்வாறே. பாக்டீரியா இவற்றின் வடிவத்தை மாற்றும், இல்லாமல் ஆக்காது.

வடிவ மாற்றமும் எப்போதும் நன்மையாக அமைவதில்லை. ஒரு வகை பாக்டீரியா நீரில் கரைந்த பாதரச உப்பை ஆவியாகும் பாதரசமாக மாற்றித் தன்னிடமிருந்து விலக்கிக்கொள்கிறது. நீர் தூய்மையாகிறது, பாதரசம் காற்றுக்குச் செல்கிறது. ஏரி, குளங்களின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இன்றி வாழும் வேறு வகை, அதே பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்குகிறது. இது முன்னதைவிடக் கொடிய நஞ்சு. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் சேர்ந்து சேர்ந்து செறிவாகும். 1956-இல் வெளிப்பட்ட ஜப்பானின் மினமாட்டா நோய் இந்த நஞ்சினால் விளைந்தது.

எல்லா நிலக்கரியிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது புகையுடனும் சாம்பலுடனும் வெளியேறுகிறது. 2023 ஆகஸ்டில், நெய்வேலி, பரங்கிப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் நீரையும் மண்ணையும் ஆராய்ந்த தன்னார்வ அமைப்புகள், சில இடங்களில் பாதரசம் வரம்பிற்கு மேல் இருந்ததாக அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஓர் ஊரின் முடிவை வைத்து அடுத்த ஊரின் கிணற்றைப் பற்றி முடிவு செய்ய இயலாது; தத்தம் நீரைச் சோதித்து அறிவதே வழி.

‘உயிரித் தூய்மையாக்கல்’ என்ற சொல் இப்போது விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. எந்த மாசையும் பாக்டீரியா தின்றுவிடும் என்று எவரேனும் கூறினால், அந்த மாசு கார்பன் சேர்மமா, உலோகமா என்று கேட்டால் போதும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணுக்கு, பாதரசம் கலந்த மண்ணைத் தோண்டி எடுத்து, கழுவி, சூடேற்றிப் பிரிக்கும் முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. பாக்டீரியாவிடம் அப்பணி ஒப்படைக்கப்படவில்லை.

நடைமுறையில் இதன் பொருள்: நீரைக் கொதிக்க வைத்தால் வயிற்றுப்போக்கையும் டைபாய்டையும் உண்டாக்கும் கிருமிகள் மடியும், உலோகங்கள் நீங்கா. கொதிக்க வைத்து ஆறிய நீர்தானே என்ற நம்பிக்கை ஒரு பாதிக்கே பொருந்தும். எதிர்ச்சவ்வூடு பரவல் முறை வடிகட்டி, அதாவது ஆர்.ஓ. கருவி, உலோகங்களைப் பெரிதும் குறைக்கும். அதன் சவ்வைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

மண்ணில் வாழ்பவை

சுரங்கத்திலிருந்து தோண்டிக் குவித்த மண்மேடுகளில் உயிர்ச்சத்து மிகக் குறைவு, பாக்டீரியாக்களும் குறைவு. அங்கே மரம் வளர்க்க வேண்டுமெனில் முதலில் மண்ணுக்கு உயிரூட்ட வேண்டும். தொழுவுரத்துடன் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களை இடுவது இதற்கான வழி. இவை மாசைச் சிதைப்பவை அல்ல, பயிருக்குச் சத்தூட்டுபவை. இவற்றை வளர்த்துப் பொட்டலமிட, ஈரத்தைத் தாங்கும் பழுப்பு நிலக்கரித் தூளையே தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். எரித்தால் மாசு தரும் கரி, எரிக்காமல் பொடித்தால் பாக்டீரியாவுக்கு வீடாகிறது.

எச்சரிக்கை தேவைப்படுவோர்

மாசைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை நலமுடன் உள்ளவருக்குத் தீங்கு செய்வதில்லை. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு இக்கூற்று முழுமையாகப் பொருந்தாது. எண்ணெயைச் சிதைக்கும் திறனுள்ள சூடோமோனாஸ் இனத்தின் உறவினரான சூடோமோனாஸ் ஏருஜினோசா, தீக்காயத்திலும் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்க் குழாய் பொருத்தியவரிடத்திலும் கடுமையான தொற்றை உண்டாக்கும். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாது.

ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமாலியை என்ற பாக்டீரியா ‘மெலியாய்டோசிஸ்’ நோயைத் தருகிறது. தமிழ்நாட்டிலும் இந்நோயாளிகள் கண்டறியப்பட்டுள்ளனர். நீரிழிவு உள்ளவர்களே இதற்கு மிகுதியாக ஆளாகிறார்கள். நீடித்த காய்ச்சல், இருமல், கல்லீரலிலோ தோலிலோ சீழ்க்கட்டி ஆகியவை இதன் அறிகுறிகள். காசநோய் எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பல இதற்குப் பயன்படா. எனவே நீரிழிவு உள்ள ஒருவர் மழைக்காலத்தில் வயலிலோ தோட்டத்திலோ வேலை செய்தபின் காய்ச்சலுற்றால், ‘மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்தேன்’ என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே கூற வேண்டும். சரியான இரத்தப் பரிசோதனைக்கு அந்த ஒரு வரி வழி திறக்கும்.

நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் மருந்துச் சிகிச்சை, உறுப்பு மாற்றம், ஆறாத புண் ஆகியவை உள்ளவர்கள் சுத்திகரித்த கழிவுநீர் பாயும் நிலத்தில் வெறுங்காலுடன் நடப்பதையும், கழிவுநீர்த் தொட்டிக்கான பாக்டீரியாப் பொடியைத் தாமே கையாள்வதையும் தவிர்க்க வேண்டும். அப்பொடியை இடும் மற்றவரும் கையுறை அணிந்து, தூள் பறக்காமல் இட வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் பொட்டலத்தில் குறித்த அளவில் பயன்படுத்தினால் தொட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் தாங்கிக்கொள்ளும். ஒரு புட்டியை ஒரே நேரத்தில் கவிழ்ப்பதே கேடு. வயிற்றுப்போக்கு, காலரா போன்ற தொற்றில் நோயாளியின் கழிவைக் கிருமிநீக்கம் செய்யுமாறு மருத்துவர் கூறியிருந்தால் அதற்கே முன்னுரிமை. தொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளீச்சிங் பவுடரை ஆசிட் வகைக் கழிப்பறைத் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு ஆஸ்துமா நோயாளிக்கு உயிராபத்தை விளைவிக்கலாம்.

எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கழிப்பறையில் போடுவது பாக்டீரியாவைக் கொல்வதோடு முடிவதில்லை. தப்பிப் பிழைத்தவை மருந்தை எதிர்க்கும் மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. அவற்றுள் சில நோய்க்கிருமிகளையும் சென்றடைகின்றன. ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. வீடுகளிலிருந்து செல்வது அதனுடன் ஒப்பிட மிகச் சிறிது. ஆனால் அது எல்லா வீடுகளிலிருந்தும் செல்கிறது. காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பயன்படுத்திய ஊசி ஆகியவை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் ‘வீட்டு அபாயக் கழிவு’ என வகைப்படுத்தப்பட்டன. தூய்மைப் பணியாளரிடம் தனியே கட்டி, என்னவென்று கூறிக் கொடுக்க வேண்டும். ஃபென்டனில் போன்ற வலுமிக்க வலிநிவாரணிகளுக்குத் தனி நெறிமுறை உண்டு. அவற்றைக் கொடுத்த மருத்துவமனையிடமே கேட்டறிய வேண்டும்.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டவரின் சிறுநீரிலும் மலத்திலும் ஏறத்தாழ 48 மணி நேரம் மருந்து வெளியேறும். அந்நாள்களில் கழிப்பறை மூடியை மூடி இருமுறை நீரூற்ற வேண்டும். துணிகளைக் கையுறையுடன் எடுத்துத் தனியே துவைக்க வேண்டும்.

பாதரச வெப்பமானி உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது; பெருக்கினால் அது மேலும் நுண்ணிய துளிகளாகச் சிதறி விரைந்து ஆவியாகும். குழந்தைகளையும் நோயாளியையும் அறையிலிருந்து வெளியேற்றிச் சன்னல்களைத் திறக்கவும். கையுறை அணிந்து, தடித்த அட்டைகள் இரண்டால் துளிகளை ஒன்றுசேர்த்து, சிறிது நீர் உள்ள புட்டியில் இட்டு இறுக மூடவும். கழிவறையிலோ தொட்டியிலோ கொட்டக் கூடாது. அங்குள்ள பாக்டீரியாக்களால் அதனை உண்ண இயலாது.

குழாய் நீரில் மருந்து வாடை வீசினால் அதனை அருந்தாமல் குடிநீர் வழங்கும் அலுவலகத்திற்குத் தெரிவிக்கவும். கை நடுக்கம், விரல் மரத்தல், மறதி ஆகியவை தொடர்ந்தால் அரசு மருத்துவமனையை அணுகவும். அவற்றுக்கு வேறு காரணங்களும் பல உள்ளன, மருத்துவர் தேவையெனக் கருதினால் பாதரச அளவை அறிய இரத்தமோ சிறுநீரோ சோதிப்பார். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். சொந்தக் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் முதலியவையே பார்க்கப்படும். எனவே மாதிரியை ஒப்படைக்கும்போது, பாதரசமும் சோதிக்கப்பட வேண்டும் என்று படிவத்தில் தனியே எழுதிக் கேட்கவும். அதற்கான புட்டியையும் நீர் எடுக்கும் முறையையும் ஆய்வகத்திடமே முன்கூட்டிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.